வழிவிடுகிறவர்

ஆளில்லா வண்டிகள் திருப்பூருக்கு வந்த புதிதில் ஒரு வண்டிகூட உருப்படியாகப் போய்ச் சேரவில்லை. எங்கேயோ அகலமான தெருக்களில் வளர்ந்த வண்டிகள் அவை. பின்வாங்கும்போது பின்னால் மனிதர் நின்றால் நின்றுவிட வேண்டும் என்று படித்துவிட்டு வந்திருந்தன. திருப்பூர்ச் சந்துகளில் பின்னால் மனிதர் நிற்காத நேரம் என்று ஒன்று கிடையாது. பனியன் கம்பெனிகள் இருக்கும் சந்துகளில் வண்டியைத் திருப்பவும் இடமில்லை. முன்பக்கமாக உள்ளே போனால் பின்பக்கமாகத்தான் வெளியே வரவேண்டும். டீ வாங்கப் போகிறவர், துணி மூட்டையைத் தோளில் வைத்திருக்கிறவர், சும்மா நின்று வேடிக்கை பார்க்கிறவர் என்று ஆள் மாற்றி ஆள் குறுக்கே வர, காலையில் சந்துக்குள் நுழைந்த வண்டி சாயங்காலம் வரைக்கும் பின்விளக்கை மினுக்கிக்கொண்டு அங்கேயே கிடக்கும். ஊரே சிரித்தது.

ஒரு மழைக்காலம் போனது. வண்டிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. வேலை நடந்தால் சரி என்று போகிற ஊர் அது. பின்பக்கமாக வரும் வண்டி இப்போது தயங்கவில்லை, யார் மேலும் ஏறவும் இல்லை. ஆட்களுக்கு நடுவில் வெண்ணெயில் கத்தி மாதிரி வந்தது. நம்ம ஊர் டிரைவர் கெட்டான் என்று பாராட்டினார்கள்.

கோகிலாவும் பாராட்டியவள்தான். அவள் கணவர் திருமூர்த்தியின் கால் தரையில் ஒட்டிக்கொள்ள ஆரம்பிக்கும் வரைக்கும் அவளுக்கு அந்த வண்டிகளோடு எந்தச் சண்டையும் இல்லை.

திருமூர்த்தி பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். தெருவில் அவரைப்போல் வழிவிடுகிற மனிதரைப் பார்க்க முடியாது. எதிரே சைக்கிள் வந்தால்கூடச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, "நீங்க போங்க" என்பார். நாய்க்கும் ஒதுங்குவார். கல்யாணமான புதிதில் கோகிலாவுக்கு இது எரிச்சலாக இருந்தது. அப்புறம் அவளும் பழகிவிட்டாள். பழகியதோடு நிற்கவில்லை. ஹாரன் சத்தம் கேட்டாலே அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுப்பது அவளுக்கு மூச்சுவிடுவது மாதிரி ஆகிவிட்டது.

நடுக்குவாதம் என்று டாக்டர் சொன்னார். முதலில் கை நடுங்கியது, கத்தரியை வைத்துவிட்டார். பிறகு முகம் இறுகியது. சிரித்தாலும் அழுதாலும் ஒரே முகம். கடைசியில் கால். நடந்துகொண்டே இருப்பவர் திடீரென்று நின்றுவிடுவார். நகர வேண்டும் என்று அவர் நினைப்பார், கால் கேட்காது. கொஞ்ச நேரம் கழித்து அதுவாக விடும்.

"தினமும் நடக்கோணும். நடக்காம விட்டீங்கன்னா அப்புறம் படுக்கைதான்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அவர்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் சந்து. சந்து முழுக்க வண்டிகள். நடப்பதற்கு வேறு இடம் இல்லை.

ஒருநாள் காலையில் பால் வாங்கப் போனவர், கம்பெனி வாசலில் கால் ஒட்டி நின்றார். துணி மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று பின்பக்கமாக வந்தது. கோகிலா வாசலில் இருந்தே பார்த்தாள். அது நிற்கும் என்றுதான் நினைத்தாள். அது வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. கடைசி நேரத்தில் பிரேக் பிடித்து முனகியபடி வந்து அவர் தொடையில் மோதியது. அவர் பக்கவாட்டில் விழுந்தார். விழுந்த இடத்தில் வழி இருந்தது. வண்டி போய்விட்டது.

மணிக்கட்டு முறிந்தது. அதற்கு மாவுக்கட்டுப் போட்டுவிட்டு, வண்டிக் கம்பெனியின் அலுவலகத்துக்குப் போனாள் கோகிலா. சண்டை போடத்தான் போனாள். அங்கே ரெஹானா என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வண்டிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் குழுவில் இருப்பவள். முகத்தில் தூக்கமே இல்லை. அவளைப் பார்த்ததும் கோகிலாவுக்குச் சண்டை பாதி அடங்கிவிட்டது.

"கண்ணு, மனுசன் நிக்கறது அதுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுதுங்க அக்கா. யாருன்னுகூடத் தெரிஞ்சுது. அதனாலதான் மோதுச்சு."

கோகிலாவுக்குப் புரியவில்லை. ரெஹானா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"எல்லாருக்கும் நின்னா வண்டி நகராதுங்க. அதனால ஒவ்வொருத்தரும் எப்படி நடந்துக்குவாங்கன்னு படிச்சு வச்சுக்க விட்டோம். எல்லா வண்டிக்கும் சேர்த்து ஒரே மூளை. முறைச்சுக்கிட்டு நிக்கறவங்களுக்கு அது நிக்கும். ஒதுங்கிப் போறவங்களைப் பார்த்தா, ஒதுங்கிடுவாங்கன்னு நம்பி வரும். உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒதுங்கறவரு இந்த ஊர்லயே கிடையாதுங்க."

"அந்த நம்பிக்கையில பிரேக்கே போடாதா?"

"நகரலைன்னு தெரிஞ்சதும் போடும். மூட்டை ஏத்தின வண்டிங்க அக்கா, போட்டதும் நிக்குமா?"

"சரி, இப்ப மோதிருச்சல்ல. இனிமே தெரிஞ்சிருக்கோணுமே, இவருனால முடியாதுன்னு?"

ரெஹானா மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமலே மூடினாள்.

"அவரு விழுந்துட்டாருங்களே. விழுந்ததும் வழி கிடைச்சிருச்சு. நகர்ந்துட்டாருன்னுதான் அது எடுத்துக்கிச்சு. இப்ப முன்னைவிட அதிகமா நம்புது."

அந்த மூளைக்குக் கோபமோ வஞ்சகமோ இருந்திருந்தால் பரவாயில்லை என்று கோகிலாவுக்குத் தோன்றியது. அது அவர்மேல் நம்பிக்கை வைத்திருக்கிறது. அதுதான் பயமாக இருந்தது.

"சீக்காளின்னு ஏதாச்சும் அடையாளம் போட்டு விடுங்களேன்."

"இருந்துச்சுங்க. ஊர்ல பாதிப் பேரு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டாங்க. மறுபடியும் வண்டியெல்லாம் நின்னு போச்சு. மேல இருந்து எடுக்கச் சொல்லிட்டாங்க." ரெஹானா தயங்கினாள். "ஒரே வழிதான் இருக்குது. நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க. அவரு நகராம நிக்கறதை அது பார்க்கோணும். மறுபடி மறுபடி பார்க்கோணும். சரக்கு இறக்கிட்டுக் காலியா வர்ற வண்டியாப் பார்த்து நிக்கச் சொல்லுங்க. விழுந்துறக் கூடாது. நீங்க பிடிச்சுக்குங்க."

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது திருமூர்த்தியின் இறுகிப்போன முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

"இத்தனை வருசம் ஒதுங்குனதுக்கு இப்படிப் பேர் வாங்கிட்டனா?" என்றார். "சரி புள்ள. நாளைக்கே நிக்கலாம்."

மறுநாள் வெயில் ஏறியபின் சந்துக்கு நடுவில் போய் நின்றார்கள். கோகிலா அவருடைய நல்ல கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கம்பெனிக்குள் மூட்டைகளை இறக்கிவிட்டு ஒரு வண்டி பின்விளக்கு மினுங்க வெளியே வந்தது. மோட்டார் சத்தம் பெரிதில்லை. கொசு காதருகில் வருகிற அளவுதான். அந்தச் சின்னச் சத்தம் கிட்டே வரவர அவள், நகரக்கூடாது, இழுக்கக்கூடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். வண்டியின் பின்கதவில் ஒட்டியிருந்த நூல் பிசிறு கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் அவளுக்கு ஞாபகம். அடுத்து அவள் கம்பெனிப் படிக்கட்டில் இருந்தாள். ஒரு செருப்பு சாக்கடையில் கிடந்தது. கைகள் காலியாக இருந்தன.

வண்டி அவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருந்தது.

ஓடிப்போய் மறுபடியும் அவர் கையைப் பிடித்தாள். அவர் ஓரக்கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அவர் கண்ணை மூடியிருந்திருப்பார், கவனித்திருக்க மாட்டார் என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கட்டிய புருஷனை வண்டிக்கு முன்னால் விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். இதை யாரிடம் சொல்லி அழுவது?

அடுத்த நாளும் ஓடினாள். அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு முறையும் வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்துவிட்டுத்தான் கிளம்புவாள். கிட்டே வரும்போது எல்லாம் பறந்துவிடும். உடம்பு அவளைக் கேட்காமல் தானாக விலகிவிடும். வண்டி ஒவ்வொரு முறையும் நின்றது. முருகன் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டாள். தன் புண்ணியம் ஒன்றும் இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சந்தில் பேச ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டு வசந்தாமணி காதில் விழும்படியே சொன்னாள்: "நோக்காட்டு மனுசனை நடுத்தெருவுல நிறுத்திப்போட்டு இவ மட்டும் தாவி ஓடறா பாரு. இன்சூரன்சு கின்சூரன்சு போட்டு வச்சிருக்கறாளோ என்னமோ."

அந்தப் பேச்சு கோகிலாவை அறுத்தது. அதில் பாதி உண்மை என்பதால் இன்னும் அதிகமாக அறுத்தது. அன்றைக்கு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். தன் முந்தானையை அவர் இடுப்பு பெல்ட்டில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"எதுக்கு புள்ள இது?"

"சும்மாதானுங்க. நீங்க விழுந்துறக் கூடாதுன்னு."

நடந்தார்கள். பாதி வழியில் அவர் கால் ஒட்டிக்கொண்டது. நிற்க வேண்டும் என்று அவர்கள் நின்ற நாட்கள் வேறு, இது வேறு. வண்டியும் வந்தது. கோகிலா அவரைக் கட்டிக்கொண்டாள். உள்ளே ஒரு தெளிவு வந்தது. இந்தத் தடவை விடமாட்டேன். வந்தால் ரெண்டு பேருக்கும் சேர்த்து வரட்டும்.

நூல் பிசிறு தெரிகிற தூரம் வந்தது. வண்டி வேகம் குறைக்கவில்லை.

"கோகிலா, விடு" என்றார் திருமூர்த்தி.

"மாட்டேனுங்க."

"விட்டுட்டுப் போ புள்ள! நீ போனாத்தான் அது நிக்கும்!"

அவளுக்கு அது காதில் விழுந்தது, மூளையில் ஏறவில்லை. தியாகம் பேசுகிறார் என்று நினைத்து இன்னும் இறுக்கிக்கொண்டாள். கால்தான் ஒட்டியிருந்தது அவருக்கு, கை ஒட்டவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையை ஓங்கி அவள் தோளில் அடித்துத் தள்ளினார். நல்ல கை அதற்குள் முடிச்சை உருவியிருந்தது. எத்தனையோ ஆயிரம் துணிகளை அளந்த விரல்கள், நடுங்கினாலும் முடிச்சு அவிழ்க்க மறக்கவில்லை. கோகிலா சுவரில் மோதி விழுந்தாள். அவள் விலகிய மாத்திரத்தில் வண்டி பிரேக் பிடித்தது. பின்கதவு அவர் சட்டைப் பட்டனைத் தொட்டுக்கொண்டு நின்றது.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் கோகிலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். திருமூர்த்திதான் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். பாதி கீழே சிந்தியது.

"மொத நாள்லயே கவனிச்சேன். நீ இருக்கற வரைக்கும் அது வந்துட்டே இருந்துச்சு. நீ ஓடுனதும் நின்னுச்சு. மறுநாளும் அப்படித்தான். சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"ஏன் சொல்லலீங்க?"

"நீ ஓடறதைப் பார்த்தேன்னு சொல்ற மாதிரி ஆயிருமே. உனக்குச் சங்கடமா இருக்கும்."

கோகிலா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தினமும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய் நின்றிருக்கிறார். வண்டிக்கு வழிவிட முடியாமல் போன மனிதர், அவள் மானம் போகாமல் இருக்க இதிலும் ஒதுங்கி நின்றிருக்கிறார்.

சாயங்காலம் ரெஹானாவுக்குப் போன் செய்தாள். ரெஹானா வண்டிகள் எடுத்த படங்களையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்ப அழைத்தபோது அவள் குரல் உடைந்திருந்தது.

"என் தப்புதாங்க அக்கா. உங்களைப் பிடிச்சுக்கச் சொன்னது என் தப்பு. வண்டிங்க வந்த நாள்ல இருந்து எத்தனை தடவை நீங்க அவரைக் கையைப் பிடிச்சு இழுத்திருக்கறீங்க! அத்தனையும் அதுக்குத் தெரியும். நீங்க பக்கத்துல இருந்தா எப்படியும் இழுத்துருவீங்கன்னு நம்பி வருது. இப்ப அவரு தனியா நின்னா நிக்கும், அந்தப் பாடம் ஏறிருச்சு. நீங்க கூட இருந்தா நிக்காது."

"அப்ப நான் பிடிச்சுக்கிட்டு இழுக்காம நிக்கறதையும் அது பார்த்துப் படிக்கட்டும்."

"அது படிச்சு முடிக்கறதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் இருக்க மாட்டீங்க."

கோகிலா சுவரில் சாய்ந்துகொண்டாள். அவரால் தனியாக நடக்க முடியாது, ஒரு கை வேண்டும். அந்தக் கை அவளுடையதுதான். அந்தக் கைதான் அவரைக் கொல்லும்.

"நான் என்னதான் பண்ணட்டும் அம்மிணி?"

"இப்ப பண்ணறதையே பண்ணுங்க. பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. கால் ஒட்டிருச்சு, வண்டி வருதுன்னா விட்டுட்டுத் தள்ளிப் போயிருங்க. சும்மா தள்ளி நின்னா பத்தாது. அவரைப் பார்த்துக்கிட்டே நின்னா, ஓடி வந்து இழுக்கப் போறீங்கன்னு எடுத்துக்கும். முகத்தைத் திருப்பிக்கோணும். அவரு உங்களுக்கு யாரோ மாதிரி நிக்கோணும்."

அப்படித்தான் அதற்குப் பிறகு அவர்கள் நடந்தார்கள். வீட்டு வாசலில் அவர் கையைப் பிடிப்பாள், ஒரே கயிற்றில் கட்டிய மாடுகள் மாதிரி மெதுவாகப் போவார்கள். கால் ஒட்டும். சந்து முனையில் மினுக்கும் விளக்கு தெரியும். உடனே கையை விட்டுவிட்டு எதிர்ச் சுவருக்குப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். வசந்தாமணி என்னென்னவோ சொல்வாள். விளக்கம் சொல்ல கோகிலாவுக்கு நேரமில்லை. காது முழுக்க அந்தக் கொசுச் சத்தத்தில் இருக்கும். சத்தம் வரும், கிட்டே வரும், இன்னும் கிட்டே வரும். அவள் வாழ்நாளில் அவ்வளவு பயத்தை எதற்கும் பட்டதில்லை. பிரசவத்துக்கும் பட்டதில்லை. பிறகு சத்தம் நிற்கும். அவர் கால் விட்டு ஓர் அடி வைத்து ஓரம் வந்ததும் அவரே கூப்பிடுவார்: "கோகிலா, வந்துரு." அதைக் கேட்டபிறகுதான் திரும்புவாள்.

அந்த ஒரு குரலை நம்பித்தான் நாட்கள் போயின. குரலும் மெலிந்துகொண்டே வந்தது. நோய் அதையும் விடாது என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். வீட்டுக்குள் பக்கத்தில் இருந்து பேசினாலே சில சமயம் அவள் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. வெளியில் சத்தமாகத்தான் கூப்பிடுகிறார் என்று அவள் அதைப் பற்றி மேலே யோசிக்காமல் இருந்தாள்.

பங்குனி வெயில் காய்ந்த ஒரு முற்பகல். பால்கடையைத் தாண்டியதும் கால் ஒட்டியது. விளக்கு தெரிந்தது. அவள் விட்டுவிட்டு எதிர்ச் சுவருக்குப் போனாள். சுண்ணாம்பு உரிந்த சுவர், பழைய தேர்தல் சின்னம் ஒன்று பாதி தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சத்தம் வந்தது. கிட்டே வந்தது. நின்றது.

கூப்பிடும் குரல் வரவில்லை.

கால் இன்னும் விடவில்லை போலிருக்கிறது என்று காத்திருந்தாள். தையல் மிஷின்களின் சத்தம் கேட்டது, யாரோ போனில் சிரிப்பது கேட்டது. அவர் குரல் இல்லை. வண்டி மோதி நின்றிருந்தால்? விழுந்து கிடந்தால்? வசந்தாமணிகூட ஒன்றும் சொல்லவில்லையே. திரும்பக் கூடாது என்று தெரியும். தெரிந்தும் திரும்பிவிட்டாள்.

திருமூர்த்தி நின்றுகொண்டிருந்தார். ஒரு கீறல் இல்லை. வண்டி அவருக்கு ஒரு முழம் தள்ளி அடங்கி நின்றிருந்தது. கால் இன்னும் ஒட்டியே இருந்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. கோகிலா, கோகிலா என்று அசைந்தன. சத்தம் துளிகூட வரவில்லை. எவ்வளவு நேரமாகக் கூப்பிடுகிறாரோ, வரச் சொல்லிக் கூப்பிடுகிறாரா, பயத்தில் கூப்பிடுகிறாரா, அந்த முகத்தில் எதுவும் தெரியவில்லை.

அவள் தன்னையறியாமல் அவரை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள்.

வண்டியின் பின்விளக்கு மறுபடி மினுங்கத் தொடங்கியது. இதோ வந்துவிட்டாள், இழுத்துவிடுவாள் என்று அது மெல்ல நகர ஆரம்பித்தது.

கோகிலா எடுத்த காலைப் பின்னால் வைத்தாள். உதடு அசைந்துகொண்டிருந்த அந்த முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடியும் சுவர் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். வண்டி நின்றது. அவர் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருப்பார்.